மண் ஒட்டிய வேர்தான் முகவரி: கந்தர்வகோட்டைச் சாலையோரப் புற்றுக் காளான் பற்றி ஒரு மதிப்புரை

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் கந்தர்வகோட்டை நெருங்க நெருங்க நெல்வயலின் பச்சை குறைந்து செம்மண் தெரியத் தொடங்கும். முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் இடையிடையே ஆளுயரக் கறையான் புற்றுகளும் உள்ள பூமி அது. புரட்டாசியில் மாலைநேர இடிமழை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பெய்து, மறுநாள் வெயில் ஏறாமல் மூட்டமாக இருந்தால், சாலையோரப் புளியமரத்தடிகளில் காலை ஏழு மணிக்குள் பெண்கள் அன்னக்கூடைகளுடன் வந்து அமர்ந்துவிடுவார்கள். கூடைக்கு மேல் வாழையிலையோ பூவரச இலையோ மூடியிருக்கும். பலகையோ கூவலோ கிடையாது. வண்டியின் வேகம் குறைவதைக் கண்டால் இலையைச் சற்று விலக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான் விளம்பரம். கடந்த இரண்டு மழைக்காலங்களில் இந்தச் சாலையில் நான்கு முறை காளான் வாங்கியிருக்கிறேன். அவற்றில் மூன்று முறை ஒரே அம்மாவிடம். இடையில் ஒருமுறை, இதே காளான் என்று சொல்லி நகரத்தில் ஓர் இயற்கை அங்காடி விற்றதையும் வாங்கிப் பார்த்தேன். அந்த ஐந்து வாங்கல்களையும் வைத்து எழுதப்பட்டது இந்த மதிப்புரை.

விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று புற்றுக் காளான். உள்ளங்கை அகலத்துக்கு விரியக்கூடிய குடையும், சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரை பருமனுள்ள தண்டும், அதற்குக் கீழே மண்ணுக்குள் நெடிது இறங்கும் வேரும் உடையது. மற்றொன்று அரிசிக் காளான். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வெண்ணிறக் குடைகள் நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் விரித்துப் போட்டதுபோல் முளைப்பது. இரண்டும் எடைக்கு விற்கப்படுவதில்லை, கூறு கட்டித்தான் விற்கிறார்கள். சென்ற புரட்டாசியில் புற்றுக் காளான் ஒரு கூறு 150 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுத் தராசில் மண்ணோடு நிறுத்தபோது 420 கிராம் இருந்தது. மண்ணைச் சீவி, வேரின் நார்ப்பகுதியை நீக்கிச் சமையலுக்கு எடுத்தது 300 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடையில் கிடைக்கும் மொட்டுக் காளானோடு ஒப்பிட்டால் விலை கூடுதல்தான். ஆனால் இந்த ஒப்பீடு சரியானதன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதன்முறை வாங்கியபோது நான் செய்த தவறு, மண்ணைத் தட்டி வேரை ஒடித்துச் சுத்தமாகக் கொடுக்கும்படி கேட்டதுதான். வண்டியின் பின்னிருக்கை அழுக்காகிவிடும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். "வேரை ஒடிச்சுராதீங்க தம்பி. வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா அவுகளுக்கும் ஒருதரம் காட்டிட்டு ஆக்குங்க" என்றார். விற்பவர் தாமே தம்முடைய சரக்கை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்ளச் சொல்வதை நான் வேறு எந்தக் கடையிலும் கண்டதில்லை. காளானைத் தேக்கிலையில் சுற்றி, வாழைநாரால் கட்டி, வேர்கள் ஒடியாதபடி நீளவாக்கில் வைத்துக் கொடுத்தார். அப்போது அது ஒரு கிராமத்துப் பிடிவாதம் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து இதைப்பற்றிப் படித்தறிந்த பிறகுதான், அவர் கொடுத்த பொருளில் மிக முக்கியமான பகுதி நான் ஒடித்து எறியச் சொன்ன அந்த வேர்தான் என்பது புரிந்தது.

அது தாவர வேர் அன்று. புற்றுக்குள் சில வகைக் கறையான்கள் ஒரு வேளாண்மை செய்கின்றன. உதிர்ந்த இலையையும் உலர்ந்த மரத்துண்டையும் தின்று, முழுதும் செரிக்காத எச்சத்தை அடுக்கி, தேனடை போன்ற கண்ணறைகளுள்ள அடைகளாகக் கட்டுகின்றன. அந்த அடையின்மேல் ஒரு பூஞ்சை வளர்கிறது. மரத்திலுள்ள கடினப் பொருள்களைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்க, பூஞ்சையோடு சேர்த்து அடையின் பழைய பகுதிகளையும் கறையான்கள் உண்கின்றன. இந்தக் கூட்டு வாழ்க்கை ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆண்டு முழுவதும் இருட்டில் கறையானுக்குச் சோறாக இருக்கும் இந்தப் பூஞ்சை, மழை இறங்கி மண் நெகிழும் சில நாள்களில் மட்டும் மேலே வந்து குடை விரிக்கிறது. அடை இருக்கும் ஆழத்திலிருந்து தரைமட்டம் வரை அது மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்த வழிதான் நாம் வேர் என்று சொல்லும் பகுதி. புற்று எவ்வளவு ஆழமோ, வேர் அவ்வளவு நீளம். நான் வாங்கியவற்றில் ஒன்றின் வேர் ஒரு சாணுக்கு மேல் இருந்தது, அதுவும் பறிக்கும்போது முறிந்தது போக எஞ்சியது. ஒரு மளிகைப் பொட்டலத்தில் தயாரிப்பாளரின் முகவரியும் தேதியும் அச்சிட்டிருப்பதைப் போல, இந்தக் காளானின் பிறப்பிடம் அதன் வேரில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் காளான் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசெஸ் என்ற பெயரை 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம் வழங்கினார். அவரைச் சிறப்பிக்கும் வகையில் டெர்மிட்டோமைசெஸ் ஹெய்மி என்ற பெயரில் இதன் ஒரு வகையைத் தென்னிந்தியாவிலிருந்து 1979-இல் விவரித்து அறிமுகப்படுத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். பெயர் புதிதே ஒழிய உறவு புதிதன்று. ஆம்பி, காளாம்பி என்ற சொற்களும், கறையானைக் குறிக்கும் சிதல் என்ற சொல்லும் சங்கப் பாடல்களிலேயே புழங்குகின்றன.

சாலையோரத்தில் ஒரு கூறு காளானைக் கையில் எடுத்தால் நான் இப்போது பார்ப்பது இவற்றைத்தான். குடையின் நடுவில் மண்ணைத் துளைத்து வருவதற்கென்றே அமைந்த கெட்டியான கூர்முனை இருக்க வேண்டும். விரிந்து தட்டையான குடையிலும் அந்த முனை மட்டும் சற்று நிறம் கூடித் துருத்திக்கொண்டிருக்கும். அடிப்பக்கத்து இதழ்கள் தண்டைத் தொடாமல் நிற்க வேண்டும், நிறம் வெள்ளையாகத் தொடங்கி முதிர முதிர மங்கிய இளஞ்சிவப்புக்கு வர வேண்டும். தண்டு உள்ளே பொள்ளாக இல்லாமல், கிழித்தால் கோழித் தசைபோல் நாராகப் பிரிய வேண்டும். தண்டு தரையைத் தொடும் இடத்தில் உடைந்த முட்டை ஓடு போன்ற பை எதுவும் இல்லாமல், நேராக வேராக இறங்க வேண்டும். வேரில் ஒட்டியிருக்கும் மண் புற்றுமண்ணுக்குரிய நைப்புடன் இருக்க வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் போதாது. மண்ணில் புதைந்த மரத்திலிருந்து முளைக்கும் வேறு காளான்களுக்கும் நீண்ட வேர் உண்டு. எல்லாம் ஒருசேர அமைவதுதான் கணக்கு. ஒருமுறை குடை ஒன்றைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் இதழ்கள் கீழே இருக்கும்படி கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் வைத்துப் பார்த்தேன். காலையில் இதழ் இதழாக இளஞ்சிவப்பு கலந்த பாலாடை நிறத்தில் காளானின் வித்துத் தூள் படிந்திருந்தது. குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி இல்லை. ஆனால் அந்த ஒரு காளான் மறுநாள் உண்ணத் தகுதியற்றதாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது கசப்பானது. கொடிய நஞ்சுள்ள அமானிட்டா காளான் வகைகள் பலவற்றைப் பிரித்தறிய உதவும் அடையாளம், தண்டின் அடியில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் அந்தப் பைதான். தரைக்கு மேல் கத்தியால் அறுத்தாலோ அடியைச் சீவிவிட்டாலோ அழிவது அந்தச் சான்றுதான். அதாவது, சுத்தம் செய்யப்பட்ட காட்டுக் காளான் என்பது சான்று நீக்கப்பட்ட காட்டுக் காளான். அமானிட்டாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. உண்டு ஆறு மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒருநாள் தணிந்து, தேறிவிட்டதுபோல் காட்டி, அந்த இடைவெளியில் கல்லீரலைச் சிதைக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மழைக்காலக் காட்டுணவை வழிவழியாக உண்டு வந்த மக்களுக்கே நேர்ந்தது அது.

நம் பக்கத்தில் அடிக்கடி தொல்லை கொடுக்கக்கூடியது வேறொன்று. புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் மழைக்குப் பின் முளைக்கும், வெள்ளைக் குடைமேல் பழுப்புச் செதில்கள் உள்ள பெரிய காளான் அது. பார்க்க மிக அழகாக இருக்கும். முதிர்ந்தால் அதன் இதழ்கள் பசுமை கலந்த சாம்பல் நிறமாகும், தூளும் பச்சை. ஆனால் இளமையில் இதழ்கள் வெள்ளையாகவே இருப்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம். உண்டால் ஓரிரு மணி நேரத்தில் கடுமையான வாந்தி தொடங்கிவிடும். பெரும்பாலும் உயிர் போவதில்லை, ஆனால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது எளிதாகக் கடக்கக்கூடியதன்று. இதன் தண்டில் வளையம் உண்டு. வளையம் இருந்தால் நஞ்சு என்று சிலர் விதி சொல்வார்கள், அந்த விதியும் உதவாது, ஏனெனில் உண்ணத்தக்க ஹெய்மி வகைப் புற்றுக் காளானுக்கும் வளையம் உண்டு. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் உண்ணலாம் என்பன போன்ற வீட்டுச் சோதனைகள் எவற்றுக்கும் அடிப்படை இல்லை. அமானிட்டாவைப் புழுவும் நத்தையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் தின்னும்.

கைப்பேசிச் செயலி ஒன்றையும் சோதித்தேன். ஒரே கூற்றிலிருந்து எடுத்த மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது ஆகிய மூன்றையும் தனித்தனியே படம் பிடித்துக் கொடுத்ததற்கு மூன்று வெவ்வேறு பெயர்களைச் சொல்லியது. அவற்றுள் ஒன்று கொல்லக்கூடிய இனம். படம் எடுக்கும்போது வேரைக் காட்டும்படி அது ஒருமுறையும் கேட்கவில்லை. பறவை பார்க்கவும் செடியின் பெயர் அறியவும் இவ்வகைச் செயலிகளை நான் பயன்படுத்துகிறேன், அவற்றில் பிழை நேர்ந்தால் பெயர்தான் தவறும். உணவுக்கு இவற்றை நம்பலாகாது என்பது என் உறுதியான கருத்து.

அரிசிக் காளானுக்கு இந்த வேர்க்கணக்கு பொருந்தாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதுவும் கறையான் வளர்ப்பதுதான். ஆனால் கறையான்கள் அடைத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து தரைமேல் பரப்ப, அந்தத் துணுக்குகளிலிருந்தே முளைப்பதால் அதற்கு நீண்ட வேர் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு குடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கவும் இயலாது. அவ்வளவு சிறியவற்றில் வேறொன்று கலந்திருந்தால் என்னைப் போன்ற வாடிக்கையாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பறித்த இடத்தை அறிந்தவரிடம், அன்று காலை பறித்ததை மட்டுமே வாங்கலாம், அதுவும் பழகிய பிறகு. நான் மூன்றாம் முறைதான் வாங்கினேன். முருங்கைக்கீரையோடு சேர்த்து அந்த அம்மா சொன்னபடி துவட்டியபோது சுவை புற்றுக் காளானைவிடவும் செறிவாக இருந்தது. ஆனால் மண் போக்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

இனி நகரத்து அங்காடியைப் பற்றி. அங்கே குளிர்பெட்டியில், ஒளிபுகும் நெகிழிப் பெட்டியில், 200 கிராம் 280 ரூபாய்க்கு, காட்டுக் காளான் என்று அச்சிட்ட ஒட்டுத்தாளுடன் வைத்திருந்தார்கள். தண்டின் அடி சீராக வெட்டப்பட்டிருந்தது, ஒரு துளி மண் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டதற்கு மலையிலிருந்து என்றார்கள். எந்த மலை என்பதற்கு விடை இல்லை. பறித்த நாள் அச்சிடப்படவில்லை, பொதியிட்ட நாள் மட்டும் இருந்தது. வீட்டில் திறந்தபோது மூடியின் உட்புறம் வேர்த்து, குடைகளின் ஓரம் கருகியதுபோல் இருந்தது. மேலடுக்கில் இருந்தவை புற்றுக் காளானாகவே தோன்றின. கீழடுக்கில் இருந்த இரண்டு குடைகளில் நடுமுனை இல்லை, இதழ்கள் தடித்து வேறு நிறத்தில் இருந்தன. அவை தீங்கற்றவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் தண்டின் அடி இல்லாத நிலையில் அதை அறிய எனக்கு வழி இல்லை. பெட்டி முழுவதையும் குப்பையில் கொட்டினேன். கடைக்காரரிடம் சொன்னபோது பணத்தைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்தார், அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பெட்டிகள் மறுநாளும் அதே அடுக்கில் இருந்தன.

சமையலுக்கு வருவோம். புற்றுக் காளானை நீரில் ஊறப்போடக் கூடாது, பஞ்சுபோல் நீர் குடித்துவிடும். கத்தியின் முதுகால் தண்டையும் குடையின் மேல்தோலையும் மெல்லச் சுரண்டி, மஞ்சள் கலந்த நீரில் இருமுறை விரைவாக அலசி எடுத்தால் போதும். குடையைக் கையாலேயே கிழிக்க வேண்டும், கத்தி வைத்தால் நார் அறுந்து சுவை குன்றுவதாக வீட்டில் சொல்வார்கள். அறிவியல் உண்டா என்று தெரியாவிட்டாலும் கிழித்ததுதான் நன்றாக இருக்கிறது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதக்கி, காளானைப் போட்டு, நீர் ஊற்றாமல் மூடினால், ஐந்து நிமிடத்தில் அதுவே குழம்பளவு நீர் விடும். காளானில் பெரும்பங்கு நீர்தான். அந்த நீர் முழுதும் வற்றி எண்ணெய் பிரியும்வரை காத்திருப்பதுதான் இதில் உள்ள ஒரே நுணுக்கம். பிறகு மிளகும் சீரகமும் பெருஞ்சீரகமும் தட்டிப் போட்டு, இறக்கும்போது சிறிது தேங்காய் அரைத்து விட்டால், புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் நாட்டுக்கோழிக்குச் செய்யும் அதே பக்குவம்தான். குடை மென்மையாகவும் தண்டு கடிபடும்படியும் இருக்கும். நடுமுனை மட்டும் சற்று முறுக்கென்று தனியாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் போட்டி. குழம்பைவிட, வற்றுவதற்கு முன் அந்த நீரை ஒரு கரண்டி எடுத்து உப்பும் மிளகும் போட்டுக் குடித்தது எனக்கு நெடுநாள் நினைவில் நின்றது. மழைமண்ணின் வாசம் ஒரு சாறாகி வந்ததுபோல் இருந்தது. சந்தையில் கிடைக்கும் எந்தக் காளானிலும் அந்தச் சாறு இல்லை.

அதனால்தான் விலையை மொட்டுக் காளானோடு ஒப்பிடுவது சரியன்று என்றேன். மேற்கு வங்கத்தில் காட்டு நிலையில் கிடைத்து 1974-இல் அறிவியல் பெயர் பெற்ற பால் காளான், பிற்பாடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் நம் குடில்களில் விளையும் பயிராயிற்று. சிப்பிக் காளானும் அப்படியே வைக்கோலில் விளைகிறது. புற்றுக் காளானுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை இழைகளை வளர்க்க முடிந்தாலும், கறையான் இல்லாமல் அதைக் குடை விரிக்கவைத்து வணிகமாக்க எந்தப் பண்ணையாலும் முடியவில்லை. ஆகவே இதன் விலையில் விதையோ உரமோ கூலியோ இல்லை. எந்தப் புற்று எந்த மழைக்குத் திறக்கும் என்று ஒருவர் இருபது முப்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பது அந்தக் கணக்கின் ஒரு பகுதி. அதை நான் மறுத்துப் பேசப் போவதில்லை. ஜப்பானில் காளான் வளர்க்கும் மரக்கட்டைகளில் மின்துடிப்பு செலுத்தி விளைச்சல் கூடுகிறதா என்று ஆராய்ந்து, சில வகைகளில் கூடியதாகவே கண்டிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கூறு என்பது அளவன்று. நான்கு முறையில் ஒருமுறை, மேலே மொட்டும் அடியில் முழுக்க விரிந்து சோர்ந்தவையும் வைத்துக் கட்டிய கூறு எனக்கு வாய்த்தது, அது நான் வழக்கமாக வாங்காத ஒருவரிடம். விரிந்த குடையின் இதழ்களுக்குள் சிற்றீக்களின் புழு மாலைக்குள் நெளியத் தொடங்கிவிடும் என்பதால், பத்து மணிக்கு மேல் வாங்குவது வீண். இலை கிடைக்காத நாளில் நெகிழிப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வியர்த்துக் குழைந்துவிடுகிறது, ஆகவே செய்தித்தாளும் கூடையும் நாமே கொண்டுபோவது நல்லது. சாலைப் புழுதியும் உண்டு. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறு. தேவை கூடிய நாள்களில் இளைஞர்கள் சிலர் கடப்பாரையோடு புற்றைக் குத்தி, வேர் முழுதும் வரட்டும் என்று அடைவரை தோண்டி எடுத்து வந்து விற்றதை ஒருமுறை பார்த்தேன். வேர் நீளமாக இருந்தது உண்மைதான், ஆனால் அடை சிதைந்தால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. நான் வழக்கமாக வாங்கும் அம்மா தண்டை மண்மட்டத்தில் இரு விரலால் பிடித்து, அசைத்து அசைத்து, தானாக விட்டு வரும் அளவுக்கு மட்டுமே உருவுவதாகச் சொன்னார். மஞ்சள் குங்குமம் வைத்து முட்டையும் பாலும் ஊற்றும் புற்றுகளின் பக்கம் அவர் போவதே இல்லை. நல்ல வேருக்கு ஒரு சாண் நீளம் போதும், அடைத்துணுக்கு ஒட்டிய வேரைக் கண்டால் நான் வாங்குவதில்லை.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வீட்டில் காளான் அறிந்த பெரியவர் ஒருவராவது உள்ளவர்கள், ஒரே விற்பனையாளரிடம் ஆண்டுதோறும் வாங்கும் பழக்கம் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள், வாங்கிய அன்றே சமைக்கக்கூடியவர்கள் வாங்கலாம். படித்த தைரியத்தில் தாமே தோப்புக்குள் இறங்கிப் பறிக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதே. அந்தத் தைலமரக் காடுகளில் பெரும்பகுதி அரசின் வனத்தோட்டக் கழகத்துக்கு உரியது, முந்திரித் தோப்புகள் தனியாருடையவை. உரிமை ஒருபுறம் இருக்க, நான்கு முறை வாங்கிய பழக்கத்தில் எனக்கே அந்தத் துணிவு வரவில்லை. முதன்முறை உண்பவர்கள் நன்றாக வெந்ததை இரண்டு வாய் மட்டும் உண்டு நிறுத்திக்கொள்வது நல்லது. நல்ல காளானும் சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. சமைக்காத ஒரு காளானை வேரோடு தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் மறுநாள் வரை வைத்திருப்பது என் வழக்கம். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட அது வேண்டும். வாந்தி தாமதமாகத் தொடங்கினால் அது நல்ல அறிகுறியன்று, காத்திராமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

ஐந்து விண்மீன்களில் மதிப்பிடச் சொன்னால், சாலையோர அம்மாவின் புற்றுக் காளானுக்கு நான்கரை கொடுப்பேன். அரை குறைவது கூறு கட்டும் கணக்குக்காக. அரிசிக் காளானுக்கு மூன்று. அங்காடிப் பெட்டிக்கு எதுவும் கொடுப்பதற்கில்லை.

கையிருப்பு பற்றி ஒரு சொல். ஐப்பசி நடுவில் நான்காம் முறை வாங்கி வந்த பிறகு, அடுத்த வாரமே ஆசையோடு மீண்டும் போனேன். மழை விட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த அம்மா அதே புளியமரத்தடியில், அதே அன்னக்கூடையில் அவித்த கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். காளான் இல்லையா என்று கேட்டேன். மேற்கே ஒரு புற்று இன்னும் திறக்கவில்லை என்றும், தீபாவளிக்குள் இடி இறங்கினால் பார்க்கலாம் என்றும், இறங்காவிட்டால் அடுத்த ஆண்டுதான் என்றும் சொல்லி, இரண்டு படி கடலையை அளந்து என் பையில் கொட்டினார்.